வேலை நீக்கமும் வழக்கின் வாயிலும்

வேலையிலிருந்து நீக்கப்பட்ட தொழிலாளி ஒருவர், துணைக்கு எவருமின்றித் தாமே சென்று தம் குறையைத் தீர்ப்பாயத்தின் முன் வைக்கலாம் என்பது இன்று இயல்பாகத் தோன்றுகிறது. நம் நாட்டில் இந்த உரிமை படிப்படியாகவே கிடைத்தது. அப்படிகளை அறிந்தவர்க்கு வழக்கு நடத்தும் முறையும் எளிதில் விளங்கும்.

1929-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் விசாரணை மன்றங்களையும் சமரச வாரியங்களையும் அமைத்தது. அவை கூறியதை ஏற்றே தீரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. சிவில் கோர்ட்டுக்குப் போனால் நஷ்டஈடு கிடைக்கலாம். போன வேலை திரும்புவது அரிது. உலகப் போரின்போது, 1942-இல், பாதுகாப்பு விதிகளுள் 81-ஏ என்பது தகராறுகளைக் கட்டாயத் தீர்ப்புக்கு அனுப்பும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. 1947 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த தொழிற் தகராறுச் சட்டம் அதனையே நிலையாக்கிற்று.

தீர்ப்பாயம் வந்தது, திறவுகோல் மட்டும் அரசின் கையில் இருந்தது. அரசு அனுப்பினாலன்றி வழக்கு இல்லை. அன்றியும், தனியொருவரின் குறையைச் சங்கமோ சக தொழிலாளரில் ஒரு சாராரோ தம்முடையதாக ஏற்றால்தான் அது தொழிற் தகராறு ஆகும் என்பதே 1957-இல் சுப்ரீம் கோர்ட்டு உறுதிசெய்த நிலை. அயல்மொழி வழங்கும் ஊரில், சங்கத்தில் அறிந்த முகம் ஒன்றும் இல்லாத தமிழ்த் தொழிலாளியை இது எவ்வளவு வருத்தியிருக்கும் என்பதை நம் நேயர்கள் நன்குணர்வர். 1965 டிசம்பரில் 2-ஏ என்னும் பிரிவு சேர்ந்த பின்னரே, தனியொருவரின் வேலை நீக்கம் தானாகவே தொழிற் தகராறு எனக் கொள்ளப்பட்டது. அப்போதும் அரசின் கடிதம் தேவைப்பட்டது. சமரசம் முறிந்தபின் தொழிலாளி நேரே நீதிமன்றம் செல்லலாம் எனத் தமிழ்நாடு 1988-இல் திருத்தம் செய்தது. நாடு முழுவதற்கும் அவ்வசதி 2010-இல் வந்தது.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தைத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் பெற்றுள்ளது. வழி ஏறக்குறைய அதுவே: முதலில் சமரச அதிகாரியிடம் மனு, 45 நாட்கள் கழிந்தும் முடிவில்லையேல் தீர்ப்பாயம். ஆனால் காலவரம்பு சுருங்கிவிட்டது. முன்பு 3 ஆண்டுகள். இப்போது நீக்கப்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகள். வேலை போனதும் மனமுடைந்து ஊருக்குச் சென்று, 'பிறகு பார்ப்போம்' என்றிருப்போர் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

எந்த ஊரில் மனுச் செய்வது? கிருஷ்ணகிரியைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்ரீ ரங்க விலாஸ் மோட்டார்ஸ், பெங்களூரில் பணியாற்றிய ஃபோர்மன் ஒருவரைக் கிருஷ்ணகிரிக்கு மாற்றியது. அதிலிருந்து எழுந்த தகராறில் அவர் வேலையிழந்தார். மைசூர் அரசு அதனைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப, தலைமையிடம் சென்னை மாநிலத்தில் இருக்கையில் மைசூருக்கு ஏது அதிகாரம் என்று கம்பெனி வாதாடிற்று. அவர் பணி செய்த பெங்களூரிலேயே தகராறு எழுந்தது என்று 1967-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஆகவே, புனேயில் உழைத்தவர், கம்பெனியின் தலைமை அலுவலகம் கோவையில் உள்ளதே என்று மயங்க வேண்டுவதில்லை; புனேயிலேயே மனுச் செய்யலாம். ரயில்வே, சுரங்கம், பாங்கு முதலியவற்றில் பணியாற்றுவோர் மட்டும் மத்திய அரசின் சமரச அதிகாரியை நாடவேண்டும்.

வழக்குகள் பெரும்பாலும் தளர்வது சட்டத்தில் அன்று, சான்றில்தான் என்பது எமது துணிபு. ஆட்குறைப்புக்கு முன் ஒரு மாத முன்னறிவிப்பும், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்னும் ஈடும் பெற, 12 மாதங்களில் 240 நாட்கள் வேலை செய்திருத்தல் வேண்டும். இதனை மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையது. அவருடைய பிரமாணப் பத்திரம் மட்டும் போதாது என்று 2002-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்தது. வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரும்படி முதலாளியைத் தீர்ப்பாயத்தின் வாயிலாகக் கேட்கலாம் என்பது 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பால் தெளிவாயிற்று, பலர் கேட்பதேயில்லை! நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பாங்கில் சம்பளம் வரவான கணக்கு, வைப்புநிதி எண், ஈ.எஸ்.ஐ. அட்டை, வாயிற்காவலர் தந்த அனுமதிச் சீட்டு ஆகியவற்றுள் எதுவும் அற்பமன்று. காண்டிராக்டரின்கீழ் வேலை செய்வோருக்கு அவையே உயிர்.

வழக்கறிஞர் இல்லையே என்று அஞ்சுவோரும் உளர். சமரச அதிகாரியின் முன் வழக்கறிஞருக்கு இடமில்லை. தீர்ப்பாயத்திலோ, எதிர்த்தரப்பின் இசைவும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் இருந்தால்தான் அவர் தோன்றலாம். தொழிலாளி தாமே பேசலாம். சங்க நிர்வாகியைக் கொண்டும் பேசலாம். முதலாளி வழக்கறிஞரை அழைத்து வந்தால், அதற்கு இசைவு தருவதும் மறுப்பதும் தொழிலாளியின் விருப்பம். சமரசத்தின்போது நீட்டப்படும் தாள் மராத்தியிலோ கன்னடத்திலோ இருக்குமாயின், அம்மொழி அறிந்த ஒருவர் அதனை முழுவதும் படித்துச் சொல்லக் கேட்டபின்பே, தொகையையும் தேதியையும் சரிபார்த்துக் கையொப்பமிடுக.