காவல்காரர்களின் கால்தடம்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் கரையோரம் மராசையன் என்றொரு சிற்றூர். அங்கிருந்து கிழக்கே லோ பார் என்ற கூழாங்கல் திட்டு வரை சுமார் 20 கிலோமீட்டர். தூரத்தைக் கேட்டால் ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் இலையுதிர் காலத்தில் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்! அக்டோபரில் தென்மேற்கிலிருந்து காற்று முகத்தில் அறையும். மழை பெய்த மண்ணில் கால் வழுக்கும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியபின், மாத இறுதியில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும்.

இந்தப் பாதையில் நடப்பவருக்கு முதலில் வருவது எரிச்சல்தான். நேராகப் போனால் பத்து நிமிடத்தில் கடக்கக்கூடிய இடத்தை, ஒவ்வொரு சிறு குடாவின் விளிம்பையும் தொட்டுத் தொட்டுச் சுற்றிப் போகிறது பாதை. ஏன் இப்படி?

காரணம், இது ஊர் போய்ச் சேர்வதற்காகப் போட்ட பாதை அல்ல. ஒளிந்திருப்பவர்களைப் பிடிப்பதற்காகப் போட்ட பாதை!

18-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அரசு தேயிலை, பிராந்தி, புகையிலை ஆகியவற்றின் மீது கடுமையான வரி விதித்தது. தேயிலைக்கு மட்டும் வரி 119 சதவீதம் வரை போனது. விளைவு? கரையோர மக்கள் கள்ளக்கடத்தலில் இறங்கினார்கள். மராசையனிலிருந்து சில மணி நேர நடையில் வரும் பிரஷ்யா கோவ் என்ற குடா, ஜான் கார்ட்டர் என்ற கடத்தல்காரரின் கோட்டையாக இருந்தது. 'பிரஷ்யாவின் அரசன்' என்பது அவருக்கு இருந்த பட்டப்பெயர். குடாவின் பெயரும் அதிலிருந்து வந்ததே.

1784-இல் பிரதமர் இளைய பிட் தேயிலை வரியை 12.5 சதவீதமாகக் குறைத்தார். தேயிலைக் கடத்தல் படுத்துவிட்டது. ஆனால் மற்ற சரக்குகளின் கடத்தல் நிற்கவில்லை. 1822-இல் பல காவல் பிரிவுகளை ஒன்றாக்கிக் கடலோரக் காவல் படை அமைக்கப்பட்டது. அதன் காவலர்கள் இரவு தோறும் குன்றின் மேல் ரோந்து நடந்தார்கள். எந்தக் குடாவில் படகு ஒதுங்கியிருக்கிறது என்று எட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்பதால், எல்லாக் குடாவின் விளிம்புக்கும் போனார்கள். அந்தக் கால்தடம்தான் இந்தப் பாதை.

கடத்தல் குறையக் குறைய, காவலர்களின் முக்கிய வேலை உயிர் காப்பதாக மாறியது. அதன் பின்னணியை அறிய, போர்த்லெவன் துறைமுகத்தைத் தாண்டி லோ பார் வரை நடக்க வேண்டும்.

1807 டிசம்பர் 29. 'ஆன்சன்' என்ற போர்க்கப்பல் புயலில் சிக்கி இந்தத் திட்டில் மோதியது. கரை கூப்பிடு தூரத்தில் இருந்தது. மக்கள் கூடி நின்று பார்த்தார்கள், ஆனால் அலையைத் தாண்டிக் கயிறு எறிய வழியில்லை. சுமார் நூறு பேர் இறந்தார்கள். கப்பல் தலைவர் லிடியார்டும் அவர்களில் ஒருவர்.

அதைவிடக் கொடுமை அடுத்து நடந்தது. கரை ஒதுங்கிய உடல்களைச் சடங்கும் சவப்பெட்டியும் இல்லாமல் அருகிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். அடையாளம் தெரியாத பிணங்களுக்கு அதுதான் அன்றைய வழக்கம். மக்கள் கொதித்தார்கள். தாமஸ் கிரில்ஸ் என்ற உள்ளூர் வழக்கறிஞர் ஒரு சட்ட வரைவு எழுதினார். 1808-இல் அது சட்டமானது. கடல் ஒதுக்கும் எந்த உடலையும் தேவாலய மயானத்தில் முறையாக அடக்கம் செய்வது அந்தந்த ஊரின் கடமையானது. விபத்தை நேரில் கண்ட ஹென்றி டிரெங்ரவுஸ் என்ற தச்சர், ராக்கெட் மூலம் கப்பலுக்குக் கயிறு அனுப்பும் கருவியை உருவாக்கினார். அதற்காகச் சொந்தப் பணத்தையெல்லாம் செலவழித்து, 1854-இல் ஏழையாகவே இறந்தார்.

காவலர்கள் நடப்பதை நிறுத்தியதும் பாதையில் புதர் மண்டியது. மீண்டும் சீராக்கி, 1973-இல் கார்ன்வால் பகுதியைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இன்று இது 1,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் தென்மேற்குக் கரையோரப் பாதையின் ஒரு பகுதி.

லோ பாருக்கு மேலே, குன்றில் ஒரு வெள்ளைச் சிலுவை நிற்கிறது. ஆன்சனில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம் அது. மாலை மங்கும்போது அங்கே வந்து சேர்பவருக்கு, காலையில் எரிச்சல் தந்த வளைவுகளின் அர்த்தம் புரியும். யாரும் மறைந்துவிடக் கூடாது என்பதற்காகத் தொடங்கிய நடை, யாரும் மூழ்கிவிடக் கூடாது என்பதற்கான நடையாக மாறியது. பாதை மட்டும் மாறவில்லை!