பேத்தியின் பிறந்தநாளும் பில்பே என்கிற நம்மூர்க்காரரும்

இரண்டு வாரமாக இந்தப் பக்கம் எதுவும் எழுதவில்லை. வீட்டுக் கூடம் முழுக்க அட்டை, கத்தரிக்கோல், பசை, வர்ணப் புட்டிகள். பேத்திக்கு ஆகஸ்டு மாதம் ஆறு வயது நிறைகிறது. விழாவை வீட்டிலேயே நடத்துவது என்று முடிவாகி, வேலை கிடைக்காத ஓய்வூதியக்காரன் என்பதால் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்திருக்கிறது. பிறந்தநாள் முடிந்த மறுவாரமே அவள் அப்பா அம்மாவோடு பிரான்சுக்குப் போகிறாள். செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது அங்கே முதல் வகுப்பு.

இந்தக் காலத்தில் பிறந்தநாள் என்றால் ஒரு 'தீம்' வேண்டுமாம். கடைக்காரர்கள் காட்டிய படங்களில் எல்லாம் ஒரே நீல கவுன் இளவரசி. மருமகள்தான் கேட்டாள்: "மாமா, அங்க சின்னப் பிள்ளைங்களுக்கு ஸ்கூல்ல என்ன கதை சொல்லித் தருவாங்க?" லா ஃபோந்தேன் என்றேன். காக்கையும் நரியும், எறும்பும் சில்வண்டும், ஆமையும் வாத்துகளும். "அப்ப அதையே வெச்சிடலாமே" என்றாள். சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "காக்கா நரி கதைக்கு எதுக்குப் பிரெஞ்சுக்காரன்?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று லா ஃபோந்தேன் கவிதைகளை மனப்பாடமாக ஒப்பிப்போம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எங்கள் ஆயா தமிழில் கதை சொல்வார். அதிலும் ஆமை வரும், பூனை வரும், பானை உடையும். பள்ளிக் கதை வேறு, வீட்டுக் கதை வேறு என்றே நினைத்திருந்தோம். இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை என்று ஆசிரியரும் சொல்லவில்லை, ஆயாவுக்கும் தெரியாது. என் பேத்தி அதைத் தெரிந்துகொண்டு அந்த வகுப்பறைக்குள் போக வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் ஒரு பொருத்தத்தைச் சொல்கிறேன். லா ஃபோந்தேன் தம் முதல் தொகுதியை வெளியிட்டது 1668இல். அதைப் பதினான்காம் லூயி மன்னரின் மகனுக்குக் காணிக்கையாக்கினார். அந்த இளவரசர் பிறந்தது 1661 நவம்பரில். கணக்குப் போட்டுப் பாருங்கள், புத்தகம் வந்தபோது அவருக்கும் ஆறு வயதுதான்!

கதையை வைத்துக் குழந்தைக்காக அலங்காரம் செய்வதும் புதிய வழக்கமல்ல. அதே இளவரசரின் படிப்புக்கு உதவட்டும் என்று, 1670களில் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் செடிவேலிகளால் ஒரு சுற்றுவழி அமைத்தார்கள். யோசனை சொன்னவர் ஷார்ல் பெரோ, சிண்ட்ரெல்லா கதையை எழுதிய அதே பெரோ. வழியெங்கும் 39 நீரூற்றுகள், ஒவ்வொன்றும் ஓர் ஈசாப் கதை. ஈயத்தில் வார்த்து வர்ணம் பூசிய மிருகங்களின் வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்று பொருள். நூறு வருடம் கழித்துப் பதினாறாம் லூயி காலத்தில் அதை அழித்துவிட்டார்கள். அரசன் ஈயத்தில் செய்ததை நாங்கள் அட்டையில் செய்கிறோம். 39 முடியாது, நான்கு போதும்.

இனி மனைவியின் கேள்விக்கு வருகிறேன். முதல் தொகுதியில் பெரும்பாலும் ஈசாப் சரக்கு. பத்து வருடம் கழித்து, 1678இல் இரண்டாம் தொகுதி வந்தது. அதன் முன்னுரையில் லா ஃபோந்தேன் நேர்மையாக ஒன்றை எழுதினார்: இதில் பெரும் பகுதிக்கு நான் பில்பே என்ற இந்திய ஞானிக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று. யார் இந்தப் பில்பே? வடமொழிப் பஞ்சதந்திரத்தில் கதை சொல்பவர் விஷ்ணுசர்மன். நூல் மேற்கே பயணம் போனபோது கதை சொல்லும் ஞானியின் பெயர் பிட்பாய் ஆயிற்று, பிரெஞ்சில் பில்பே ஆயிற்று.

அந்தப் பயணம்தான் இதில் பெரிய கதை. ஆறாம் நூற்றாண்டில் ஈரானை ஆண்ட குஸ்ரோ மன்னரின் அரண்மனை வைத்தியர் பர்ஸோயா. இறந்தவரைப் பிழைக்க வைக்கும் மூலிகை தேடி அவர் இந்தியா வந்தார், மூலிகைக்குப் பதில் இந்தப் புத்தகத்தைக் கண்டார் என்று பாரசீக மகாகவி பிர்தவுசி பாடியிருக்கிறார். பர்ஸோயா அதைப் பழைய பாரசீகமான பஹ்லவியில் பெயர்த்தார். அந்தப் பிரதி இன்று இல்லை. எட்டாம் நூற்றாண்டில் இப்னு அல் முகஃபா அதை அரபியாக்கினார். பெயர் 'கலீலா வ திம்னா'. நம் பஞ்சதந்திரத்தில் வரும் கரடகன், தமனகன் என்ற இரண்டு நரிகளின் பெயர்தான் அப்படித் தேய்ந்திருக்கிறது. அரபியிலிருந்து எபிரேயம், எபிரேயத்திலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டில் லத்தீன். இன்னொரு கிளையாக அரபியிலிருந்து மறுபடியும் பாரசீகம். அந்தப் பாரசீக நூலிலிருந்து 1644இல் பாரிசில் ஒரு பிரெஞ்சு மொழிபெயர்ப்பு அச்சானது. லா ஃபோந்தேன் கையில் கிடைத்தது அதுதான்.

நம் பக்கத்து வரலாறும் உண்டு. 1826இல் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த பஞ்சதந்திரக் கதை சென்னையில் வெளியானது. தமிழ் உரைநடையின் தொடக்க கால நூல்களில் முக்கியமானது. அதே 1826இல் பாரிசில் துய்புவா பாதிரியாரின் பிரெஞ்சுப் பஞ்சதந்திரம் வந்தது. முப்பது வருடம் தென்னாட்டில் வாழ்ந்த அவர், தமிழ், தெலுங்கு, கன்னடப் பிரதிகளிலிருந்து அதை எடுத்தார். கூடவே வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையையும் சேர்த்தார். நம் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அரசுக் கல்லூரி தொடங்கியதும், இன்றைய லிசே, அதே 1826இல்தான். மூன்றும் ஒரே வருடத்தில் நடந்தது தற்செயல். ஆனாலும் எனக்கு எப்போதும் அதில் ஒரு சந்தோஷம்.

இப்போது எங்கள் நான்கு மூலைகளைச் சொல்கிறேன்.

வாசல் திண்ணையில் காக்கையும் நரியும். இது பஞ்சதந்திரம் அல்ல, ஈசாப். ஆனால் காக்கையின் வாயில் இருப்பது ஊருக்கு ஊர் மாறும். பழைய கிரேக்கக் கதையில் இறைச்சித் துண்டு. ரோமாபுரி ஃபேத்ரஸ் எழுதியதில் பாலாடைக்கட்டி. லா ஃபோந்தேனிலும் அதுவே. நம்மிடம் வந்ததும் பாட்டி சுட்ட வடை. ஆகவே ஒரு தட்டில் மெதுவடை, ஒரு தட்டில் சீஸ் துண்டுகள். எந்தக் குழந்தை எதை எடுக்கிறது என்று பார்க்க எனக்கு ஆவல். எடுக்கும் முன் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்பது நிபந்தனை.

முற்றத்தில் பானை. பஞ்சதந்திரத்தில் ஒரு பிராமணன் மாவுப் பானையைத் தொங்கவிட்டுப் படுத்தபடி கனவு காண்கிறான்: மாவை விற்று ஆடு, ஆட்டை விற்று மாடு, பிறகு குதிரை, வீடு, மனைவி, மகன். கனவிலேயே மனைவியை உதைக்கக் காலை நீட்டுகிறான், பானை உடைகிறது. அரபியில் மாவு போய் நெய்யும் தேனும் வந்தது. லா ஃபோந்தேனில் அவன் பெரெத் என்ற பால்காரப் பெண்ணாகிவிடுகிறான். அவள் கனவில் முட்டை, கோழி, பன்றி, பசு. துள்ளுகிறாள், பால் கொட்டுகிறது. இந்த ஒரு கதையின் ஊர்வலத்தை வைத்தே மாக்ஸ் முல்லர் 1870இல் லண்டனில் ஒரு சொற்பொழிவு செய்தார். நாங்கள் சின்ன மண்பானையில் மிட்டாயும் வர்ணக் காகிதமும் போட்டு உறியடி வைக்கிறோம். அடிக்கும் முன் ஒவ்வொரு குழந்தையும் உள்ளே என்ன இருக்கிறது, அதை வைத்து என்ன வாங்கப் போகிறேன் என்று சொல்ல வேண்டும்.

புத்தக அலமாரிப் பக்கம் பூனை நீதிபதி. முயலும் கௌதாரியும் வளைக்காகச் சண்டை போட்டு, தவசிப் பூனையிடம் நியாயம் கேட்டுப் போக, இரண்டையும் பூனை தின்றுவிடுகிறது. லா ஃபோந்தேனில் கௌதாரிக்குப் பதில் மரநாய் இனத்துச் சின்னப் பிராணி ஒன்று, மற்றபடி அதே தீர்ப்பு. அரசாங்க அலுவலகத்தில் காலம் தள்ளியவனுக்கு இது மிகப் பிடித்த கதை. போன மாதம் பேத்தியை மாமல்லபுரம் கூட்டிப்போய், பெரிய பாறைச் சிற்பத்தில் கைகளைத் தூக்கித் தவம் செய்யும் பூனையையும் அதன் காலடி எலிகளையும் காட்டினேன். அது பாரதத்தில் வரும் பூனைக் கதை, இதற்கு அண்ணன் முறை. பல்லவச் சிற்பி அதைச் செதுக்கி ஆயிரத்து முன்னூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. பேத்தி பூனை மாதிரியே நின்று காட்டினாள். அந்த நிலையைத்தான் மகன் அட்டையில் வரைந்திருக்கிறான்.

சுவரில் ஒட்ட வேறு படங்களும் உண்டு. 1830களின் கடைசியில், லாகூரில் ரஞ்சித் சிங் அரசவைச் சூழலில் இருந்த ஓவியர் இமாம் பக்ஷ், ஒரு பிரெஞ்சுச் சேகரிப்பாளருக்காக லா ஃபோந்தேன் கதைகளை நம் நாட்டு நுண்ணோவியப் பாணியில் வரைந்து கொடுத்தார். அவை இன்று லா ஃபோந்தேன் பிறந்த ஷத்தோ தியெரி ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இங்கிருந்து போன கதைக்கு இங்கேயே படம் போட்டு அனுப்பியிருக்கிறோம்.

நான்காவது ஆமை. இதற்குத்தான் கூடத்தின் நடுவிடம். பஞ்சதந்திரத்தில் குளம் வற்றுகிறது. இரண்டு அன்னங்கள் குச்சியின் இரு முனையையும் பிடிக்க, நடுவில் ஆமை கவ்விக்கொண்டு பறக்கிறது. கீழே ஜனங்கள் வேடிக்கை பேச, பதில் சொல்ல வாய் திறந்து விழுந்து சாகிறது. லா ஃபோந்தேன் ஆமைக்கோ பஞ்சமில்லை. சொந்த வளை சலித்துப்போய் உலகம் பார்க்க ஆசைப்படுகிறது. வாத்துகள் அதை ஆகாய மார்க்கமாக அமெரிக்காவுக்கே கூட்டிப்போவதாகச் சொல்கின்றன! விமானம் இல்லாத 17ஆம் நூற்றாண்டில் எழுதியது.

நான் வேலை பார்த்த காலத்தில் பிறப்பு, திருமணப் பதிவேடுகளின் நகல் எடுத்துத் தருவது என் பணியில் ஒரு பகுதி. பிரான்சில் குடியேறிய புதுச்சேரிக் குடும்பங்களின் பிள்ளைகள் கோடையில் வருவார்கள். தாத்தாவின் திருமணப் பதிவு வேண்டும் என்று பிரெஞ்சில் கேட்பார்கள். பதிவில் தாத்தாவின் கையெழுத்து தமிழில் இருக்கும். "இது என்ன எழுத்து?" என்று ஒரு பையன் என்னைக் கேட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தாத்தாக்கள் பட்டாளத்திலும் தொழிற்சாலையிலும் வாயை இறுக்க மூடிக்கொண்டு பறந்தவர்கள். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள். தமிழ்தான் வழியில் விழுந்துவிட்டது.

விளையாட்டு இதுதான். இரண்டு பெரிய பிள்ளைகள் மூங்கில் குச்சியைப் பிடிப்பார்கள். முதுகில் அட்டை ஓடு கட்டிய ஆமை அதைப் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்ற வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்டு மடக்குவார்கள். வாய் திறந்தால் ஆமை அவுட். ஒத்திகை பார்த்தபோது பேத்தி கேட்டாள்: "தாத்தா, கேட்டவங்களுக்குப் பதில் சொல்லலன்னா அவங்க வருத்தப்பட மாட்டாங்களா?" விஷ்ணுசர்மனுக்கும் லா ஃபோந்தேனுக்கும் தோன்றாத கேள்வி. உடனே விதியை மாற்றிவிட்டோம்: தமிழில் பதில் சொன்னால் ஆமை விழாது.

அழைப்பு பன்னிரண்டு குழந்தைகளுக்கு, மாலை நான்கு மணி. கேக் மருமகள் பொறுப்பு, வடை மனைவி பொறுப்பு. ஆமை ஓட்டுக்குப் பச்சை வர்ணம் இன்னும் இரண்டு பூச்சு பாக்கி. காய மறுக்கிறது. பரிசாகப் பேத்திக்கு நான் தைத்துக் கொடுக்கப்போவது ஒரு சின்ன நோட்டு: இடப்பக்கம் லா ஃபோந்தேன் கதை பிரெஞ்சில், வலப்பக்கம் அதே கதை எங்கள் ஆயா சொன்ன தமிழில். அட்டையில் பெயர் எழுத வேண்டிய இடத்தை விட்டுவைத்திருக்கிறேன். அவளே எழுதட்டும், இரண்டு எழுத்திலும்.