தண்ணீர் அங்கே, ஓட்டம் இங்கே

ரொறன்ரோவில் குயீன் வீதியும் யூனிவர்சிட்டி அவெனியூவும் சந்திக்கும் இடத்தில் அடம் பெக் வெண்கலத்தில் நிற்கிறார். எமானுவேல் ஹான் என்ற சிற்பி செய்த சிலை, 1934இல் வைத்தது. ஓஸ்குட் நிலையத்தில் இறங்கி வேலைக்கு ஓடும் நம்மவர்களில் எத்தனை பேர் அவரை அண்ணாந்து பார்த்திருப்பார்களோ! சுருட்டுப் பெட்டி செய்து விற்றவர், ஒன்ராறியோவில் இருக்கும் லண்டன் நகரின் மேயராக இருந்தவர். அவருக்கு இந்த ஊரில் ஏன் சிலை என்று கேட்டால், பதில் நயாகராவில் தொடங்குகிறது.

முதலில் ஒரு கிரிக்கெட் பந்து. கையில் சும்மா இருக்கும் பந்துக்கும் எறிந்து வரும் பந்துக்கும் நிறை ஒன்றுதான். ஆனால் எறிந்த பந்தைப் பிடித்தால் உள்ளங்கை எரிகிறது. ஓடுகிற பொருளில் பொருளும் இருக்கிறது, ஓட்டத்தில் ஏறிய ஆற்றலும் இருக்கிறது. சரி, பந்தை இங்கேயே வைத்துக்கொண்டு அந்த எரிச்சலை மட்டும் 130 கிலோமீட்டர் தள்ளி அனுப்ப முடியுமா? நயாகராவில் செய்தது அதைத்தான்.

விழும் தண்ணீரின் ஆற்றல் பாறையில் மோதி எங்கே போகிறது என்பதை 1845லேயே கணக்குப் போட்டவர் ஜேம்ஸ் ஜூல். இங்கிலாந்தில் இருந்தபடியே, நயாகராவின் அடியில் தண்ணீர் மேலே இருந்ததைவிட ஒரு பாரன்ஹீட் டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு சூடாக இருக்கும் என்று எழுதினார். அத்தனை இரைச்சலும் நுரையும் முடிந்து மிஞ்சுவது இந்தச் சிறு வெதுவெதுப்பு! ஒரு கோப்பை தேத்தண்ணிக்கு 200 மில்லிலீட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க, கொஞ்சமும் வீணாகாமல் கணக்கிட்டாலும், சுமார் 137 லீட்டர் தண்ணீர் 50 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும்.

இந்த ஓட்டம் யாருக்குச் சொந்தம் என்பதுதான் சண்டை. ஹென்றி பெலட், வில்லியம் மெக்கன்சி, பிரெடெரிக் நிக்கல்ஸ் என்ற மூன்று பணக்காரர்களின் கம்பனி நயாகரா ஆற்றங்கரையில் மின்நிலையம் கட்டி, 1906இல் ரொறன்ரோவுக்கு மின்சாரம் அனுப்பியது. சக்கரத்தைச் சுழற்றிய தண்ணீர் சுரங்கம் வழியாகப் போய் அருவிக்குப் பின்னாலேயே ஆற்றில் விழுந்தது. ஒரு சொட்டும் ரொறன்ரோவுக்கு வரவில்லை. வந்தது ஓட்டம் மட்டும்.

அதே 1906இல் ஒன்ராறியோ அரசு பொது மின்சார ஆணையம் அமைத்தது. தலைவர் பெக். இயற்கை தந்ததை மூன்று பேர் விலைபோட்டு விற்பதா என்பது அவர் கட்சி. 1911 மே 2ஆம் தேதி ரொறன்ரோ நகர மண்டபத்தின் முன் பொது மின்சாரத்தில் விளக்கு எரிந்தது. அந்த மண்டபத்தைக் கட்டிய கட்டடக் கலைஞர் இ. ஜே. லெனொக்ஸ்தான் பெலட்டின் மின்நிலையத்துக்கும் வரைபடம் போட்டவர். அந்த ஆண்டே பெலட்டுக்காகக் காசா லோமாவையும் கட்டத் தொடங்கினார். 98 அறைகள். ஒருவர் கையிலேயே வெற்றியும் தோல்வியும்! நிலத்தில் போட்ட பணமும் வங்கிக் கடனும் கவிழ்க்க, 1920களில் பெலட் அந்த மாளிகையை விட்டு வெளியேறினார். மின்சாரத்தால் மட்டும் வீழ்ந்தார் என்று சொல்வது கொஞ்சம் மிகை.

நாம் நயாகராவைப் பார்த்து வியக்கிறோம், ஆனால் ரொறன்ரோவுக்கு அந்த மின்சாரம் வந்ததைக் காவிரி நான்கு ஆண்டு முந்திக்கொண்டது. 1902இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் மின்சாரம் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனது. சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர். திட்டத்தை நடத்திய மைசூர் பொறியாளர் ஜோலி டி லோட்பினியேர் ஒரு கனேடியர்; கியூபெக் முதல்வராக இருந்தவரின் மகன், ஒன்ராறியோவின் கிங்ஸ்டன் இராணுவக் கல்லூரியில் படித்தவர். கனடாக்காரர் காவிரியைக் கம்பியில் ஏற்றிய கதையைத் தனி அத்தியாயமாகவே எழுதலாம்.

பெக் ரொறன்ரோவில் விளக்கு எரிந்ததோடு நிற்கவில்லை. அருவியின் உயரம் அவருக்குப் போதவில்லை. கால்வாய் வெட்டி, வெலண்ட் ஆற்றின் கீழ்ப்பகுதியைத் திரும்பி ஓடவைத்து, இரண்டும் சேர்ந்து சுமார் 20 கிலோமீட்டர் தாண்டி, குயீன்ஸ்டனில் சுமார் 90 மீட்டர் விழும்படி தண்ணீரைக் கொண்டுபோனார்கள். 1922இல் நிலையம் வேலை தொடங்கியபோது செலவு முதல் மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டியிருந்தது; விசாரணை ஆணையம்கூட வந்தது. பெக் 1925இல் இறந்தார். அவர் கட்டிய நிலையத்தில் தண்ணீர் அதேதான், விழும் உயரம் மட்டுமே கூடியது. நம்முடைய தேத்தண்ணிக்கு இப்போது 76 லீட்டர் போதும்.

ஊரிலிருந்து யார் வந்தாலும் நயாகராவுக்குக் கூட்டிப்போகிறோம். 1950ஆம் ஆண்டு கனடாவும் அமெரிக்காவும் செய்த ஒப்பந்தப்படி, சுற்றுலாக் காலத்தில் பகலில் நொடிக்குக் குறைந்தது 1,00,000 கன அடி தண்ணீர் அருவியில் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி விட்டால் போதும். மற்றது சுரங்கத்தில் இறங்கிச் சக்கரங்களுக்குப் போய்விடும்.