வைத்தியமும் மக்கள் மொழியும்

ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலே வூஸ்ரர் என்றொரு நகரம் உண்டு. அந்நகரத்து இடுகாட்டிலுள்ள கல்லறை ஒன்று, அங்கே அடக்கம் செய்யப்பட்டவரைத் தமிழருக்கு மருத்துவப் பணி புரிந்த சுவிசேஷகர் என்று குறிப்பிடுகின்றது. 1822ஆம் ஆண்டிலே அந்நகரிற் பிறந்து, 1884ஆம் ஆண்டிலே அங்கேயே இறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியரின் கல்லறை அது. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில், 1847 தொடக்கம் 1873 வரை, தாயகம் சென்று தங்கிய சில ஆண்டுகள் நீங்கலாக, அவர் யாழ்ப்பாணத்திலே வாழ்ந்தார். பெரும்பாலும் மானிப்பாயிலே வாழ்ந்தார்.

கிறீனைப் பற்றி நம்மவர் பேசும்போது அவரை மொழிபெயர்ப்பாளர் என்றும் கலைச்சொல்லாக்க முன்னோடி என்றும் போற்றுவது வழக்கம். அது தகும். ஆயினும் அப்போற்றுதலிலே ஒரு குறை இருக்கின்றது. அவர் வெளியிட்ட நூல்களைக் காணும் நம் கண்களுக்கு, அந்நூல்களுக்குக் காரணமாயிருந்த நோயாளி தென்படுவதில்லை. கிறீன் தமிழுக்கு வந்தது இலக்கிய ஆர்வத்தினால் அன்று. தம்முன் வந்து நின்ற நோயாளிக்கு, அவன் உடலுக்குள்ளே நடப்பது என்னவென்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லத்தக்க வைத்தியர்களை ஊர்தோறும் உருவாக்க வேண்டியிருந்தது. நூல்கள் அத்தேவையிலிருந்து பிறந்தவை.

அவர் வருமுன் தமிழிலே வைத்தியம் இல்லாதிருந்தது என்று கொள்ளுதல் தவறாகும். யாழ்ப்பாணத்தரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் ஏட்டுச் சுவடிகளாகப் பரம்பரை வைத்தியர் கைகளில் இருந்தன. வாதம், பித்தம், சிலேற்பனம் என்று வைத்தியர் கூறியபோது நோயாளி திகைக்கவில்லை. அவை அவன் வீட்டிலும் வழங்கிய சொற்களே. இது அவ்வைத்தியத்தின் பெரும்பலம். அதன் பலவீனமும் நாமறிந்ததே. ஏடு குடும்பச் சொத்து; கைமுறை தந்தை மகனுக்கு இரகசியமாய்ச் சொல்வது. சொல் பொதுவாயிருந்தது, அறிவு பொதுவாயிருக்கவில்லை. மறுபுறத்திலே, 1820ஆம் ஆண்டளவிற் பண்டத்தரிப்பிலே பணி தொடங்கிய ஸ்கடர் முதலாகப் பின்வந்த அமெரிக்க மிசன் வைத்தியர்கள் புதிய அறிவொன்றைக் கொணர்ந்தனர். அது வகுப்பறையில் எவருக்கும் கற்பிக்கத்தக்க அறிவு. ஆனால் அதன் சொற்கள் ஆங்கிலமும் இலத்தீனும். ஒரு பக்கத்தில் சொல்லப்படாமையாலும் மறுபக்கத்தில் விளங்காமையாலும் நோயாளி ஊமையாகவே இருந்தான்.

கிறீனும் தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே மாணவர்களுக்குக் கற்பித்தார். அவருடைய மாணவர் திறமையாகக் கற்றனர். கற்றபின் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றனர். ஆங்கிலம் கற்றவனுக்கு ஊரிலே என்ன வேலை? கிராமத்துக்கென ஆக்கிய வைத்தியன் கிராமத்தில் நிற்கவில்லை. இதனை உணர்ந்த கிறீன், 1864ஆம் ஆண்டிலிருந்து மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தத் தலைப்பட்டார். அவர் பயிற்றிய வைத்தியர் 60 பேருக்கு மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழ் மூலம் பயின்றவர்கள். சென்னையிலும் கொழும்பிலும் ஆங்கிலமே கல்வியின் வாயில் என்று படித்தோர் நம்பியிருந்த காலம் அது என்பதை நினைவிற் கொண்டால் இதன் துணிவு புலப்படும்.

நூல்களோ பல. கட்டர் என்பவரின் பாடநூலைத் தழுவிய அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் முதலில் வந்தது. பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும், கிறேயின் உடலமைப்பு நூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதமும், வைத்தியாகரமும் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. எல்லாம் சேர்ந்து 4000 பக்கங்களுக்கு மேற்படும். இவற்றை அவர் தனியே செய்யவில்லை. அவரிடம் பயின்ற தமிழ் மாணவர்களே பெரும்பகுதியை மொழிபெயர்த்தனர்; அவர் திருத்தினார், சொற்களை நிறுத்துப் பார்த்தார். 1873இல் நோயுற்றுத் தாயகம் திரும்பிய பின்னரும், இறக்கும்வரை இவ்வேலையை அவர் கைவிடவில்லை. மாணவர்களின் பெயர்கள் நூன்முகங்களிலே சிறிய எழுத்தில் நின்றுவிட, கிறீனின் பெயர் மட்டும் நம் நினைவில் நிற்கின்றது. உழைப்பின் வரலாற்றை எழுதுவோர் இக்கணக்கையும் ஒருநாள் தீர்த்தாக வேண்டும்.

சொல்லாக்கத்திலே அவர் கொண்ட ஒழுங்கு எளியது. தமிழிலே சொல் உண்டா என்று முதலில் தேடுக. இல்லையேல் வடமொழியில் தேடுக. அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதுக. இரணம், பிரசவம் என்பன ஊரார் நாவில் ஏற்கெனவே இருந்தவை. சுகரணம் என்பது உடற்றொழிலைக் குறிக்க வந்தது. உற்பாலனம் என்பது நோய் வராமற் காத்தலைக் குறிக்க வந்தது. கெமிஸ்தம் இரவற் சொல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இச்சொற்களிற் பல வடமொழிச் சுமை மிக்கவை என்று இன்றைய தமிழாசிரியர் குறை கூறலாம். வன்னியிலே வயல் உழுபவனுக்குச் சுகரணம் என்றால் விளங்குமா என்றும் கேட்கலாம். விளங்காதுதான். ஆனால் அச்சொல் அவனுக்காக ஆக்கப்பட்டதன்று; அவனிடம் செல்லவிருந்த வைத்தியனுக்காக ஆக்கப்பட்டது. தன் மொழியிலே ஒரு பொருளை முழுமையாக எண்ணிப் பழகியவனே, அதை எளிய சொல்லில் இறக்கிக் கூறவும் வல்லவனாகின்றான். ஆங்கிலத்திலே எண்ணித் தமிழிலே பேச முயல்பவன், பேச்சு வராதபோது மருந்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுகின்றான்.

கிறீனைக் கண்மூடிப் போற்றுவதற்கும் இடமில்லை. அவர் மதம் பரப்ப வந்தவர். அதை அவர் மறைக்கவுமில்லை. நோயின் துன்பத்திலே தளர்ந்திருக்கும் மனிதனிடம் மருந்தோடு மதத்தையும் நீட்டுவது நேர்மையா என்ற வினா அவர்முன் எழவேயில்லை. அவருடைய மாணவர் யாவரும் ஆடவர். பிரசவ வைத்தியத்தையும் ஆடவரே கற்றமையால், நமது பெண்களுக்கு அந்நூலின் பயன் எவ்வளவு எட்டியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அன்றியும், அவர் விளக்கிய உற்பாலனம் அக்காலத்து அறிவின் எல்லைக்குட்பட்டது. வாந்திபேதிக் கிருமியைக் கொக் என்பவர் இனங்கண்டு கூறியது 1883இலேயாம். நல்ல நீர், நல்ல காற்று, துப்புரவு என்று கிறீன் கூறியவை சரியே. அவை ஏன் சரி என்பதை அவராலே முழுமையாகக் கூறியிருக்க முடியாது.

அவர் சென்றபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நீடிக்கவில்லை. 1870இல் கொழும்பிலே அரசாங்க மருத்துவப் பாடசாலை திறக்கப்பட்டது. அங்கே மொழி ஆங்கிலம். அங்கே பயின்றவர்க்கே உத்தியோகம். தமிழிற் கற்ற வைத்தியனுக்கு ஊரிலே மதிப்பு இருக்கலாம், கச்சேரியில் இல்லை. ஆகவே மாணவரும் பெற்றோரும் ஆங்கிலத்தையே கேட்டனர். ஒரு மொழியின் தகுதியின்மையினால் அன்று, சம்பளப் பட்டியலினாலேயே அம்முயற்சி மடிந்தது.

மொழி மட்டும் இருந்தாற் போதுமா? போதாது என்பதற்கு மலைநாட்டை நோக்க வேண்டும். 1916ஆம் ஆண்டில் றொக்பெல்லர் அறக்கட்டளையினர் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். தோட்டத் தொழிலாளரைப் பரிசோதித்தபோது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அப்புழு இருக்கக் காணப்பட்டது. இப்புழுவின் குஞ்சுகள் ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சும். இரத்தம் குறைந்தவன் சோர்வான். சோர்ந்தவனைத் துரைமார் சோம்பேறி என்றனர். அமெரிக்கத் தென்மாநிலங்களிலே இப்புழுவின் தீங்கு வெளிப்பட்ட 1902இல், பத்திரிகைகள் அதைச் சோம்பலின் கிருமி என்று ஏளனமாக எழுதின. நமது தோட்டங்களிலே ஏளனத்தோடு நிற்கவில்லை. கொழுந்தின் நிறை குறைந்தவளுக்கு அரைப்பேர்தான் விழுந்தது. நோயினாற் கூலி குறைந்தது, கூலி குறைவினால் உணவு குறைந்தது, உணவுக் குறைவினால் நோய் வலுத்தது.

புழு எவ்வாறு உடம்பினுள் வருகின்றது என்று தொழிலாளருக்கு விளக்கம் சொல்லப்பட்டது. மருந்து கொடுக்கப்பட்டது, புழு வெளியேறியது. சிறிது காலத்திலே மீண்டும் வந்தது. ஏனெனில் லயங்களிலே மலசலகூடம் இல்லை. கட்டுவதற்குத் தோட்ட நிர்வாகங்கள் செலவைக் காட்டித் தயங்கின. மண்ணிலே மலம் கழிக்காதே, வெறுங்காலோடு நடவாதே என்று அறிவுரை கூறலாம். கூடமும் செருப்பும் இல்லாதவனுக்கு அவ்வறிவுரை வசையாகவே ஒலிக்கும். அவன் கேட்டதை விளங்கிக்கொள்ளவில்லை என்று அறிக்கை எழுதுவது எளிது. அவன் நன்றாகவே விளங்கிக்கொண்டிருந்தான் என்பதே என் துணிபு.

1934ஆம் ஆண்டின் இறுதியிலே மலேரியா வந்தது. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. தேங்கிய நீரிலே நுளம்பு பெருகியது. கேகாலை, குருநாகல் மாவட்டங்களிலே கிராமம் கிராமமாக மக்கள் படுத்தனர். 1935இல் அது தணிவதற்குள் மாண்டோர் ஏறத்தாழ 80,000 பேர். அரசாங்கம் கொய்னாவைக் கொடுத்தது. சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்களும் கிராமங்களுக்குச் சென்றனர், வைத்தியரான எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலியோர் அவர்களுள் இருந்தனர். வீட்டுக்கு வீடு சென்ற அவர்கள் கண்டது காய்ச்சலை மட்டுமன்று, பட்டினியையும் கண்டார்கள். உண்ணாதவன் உடலில் கொய்னா என்ன செய்யும்? ஆகவே மாமைற்றை உருண்டையாக்கி மாத்திரைபோல் வழங்கினர். இன்று கேட்போர்க்கு அது சிரிப்பை விளைவிக்கலாம். ஆயினும் அவ்வுருண்டையிலே ஒரு விளக்கம் அடங்கியிருந்தது: உன் நோய்க்கு நுளம்பு மட்டும் காரணமன்று என்ற விளக்கம். அதைக் கேட்ட மக்கள் அடுத்த வினாவையும் கேட்டனர். 1935 டிசெம்பரிலே லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியதையும், மறு ஆண்டிலே கேகாலை மாவட்டத்து ருவன்வெலைத் தொகுதி என். எம். பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பியதையும் இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

அமைதியாக நிகழ்ந்த மாற்றம் ஒன்றையும் கூறாதிருத்தல் நேர்மையாகாது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. மருத்துவமாது வீட்டுக்குச் சென்றாள். கர்ப்பிணியோடு அவள் மொழியிலே பேசினாள். மறு வாரமும் சென்றாள். 1930களிலே பிள்ளைப்பேறு ஒரு இலட்சத்துக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் மாண்ட இந்நாட்டிலே, அண்மைக் காலத்தில் அத்தொகை 40க்கும் கீழே சென்றுள்ளது. இதற்குக் காரணம் பல. மருந்தும், கல்வியும், இலவச வைத்தியமும் உண்டு. அவற்றோடு, வாசற்படியில் உட்கார்ந்து பேசிய அம்மாதுக்களின் பொறுமையும் உண்டு. அவர்களைப் பற்றி நூல் எழுதியோர் மிகச் சிலரே. மலேரியாவின் கதை வேறு. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே அது கண்டது. வெற்றி கிட்டியதென்று கண்காணிப்புத் தளர்ந்தது. 1967, 1968 ஆண்டுகளிலே நோய் பேரளவில் மீண்டது. மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது 2016இலேதான்.

இன்று நிலைமை யாது? உயர்தர வகுப்புவரை உயிரியலைத் தமிழிலே கற்பிக்கின்றோம். அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் நம்மிடம் உண்டு. அவ்வாறு கற்றுத் தேறிய மாணவி மருத்துவபீடத்திற் புகுந்ததும் ஆங்கிலத்துக்கு மாறுகின்றாள். 1978இல் யாழ்ப்பாணத்திலே, மானிப்பாய்க்குக் கூப்பிடு தூரத்திலே, தொடங்கிய மருத்துவபீடத்திலும் இதுவே நிலை. ஆங்கிலம் வேண்டாமென்று நான் கூறவில்லை. உலக ஆராய்ச்சியின் வாயில் அது. நான் கேட்பது இதுவே: நீரிழிவு என்றால் என்ன, சிறுநீரகம் எதனாற் பழுதாகின்றது, இம்மாத்திரையை ஏன் இடையில் நிறுத்தக் கூடாது என்பவற்றை ஒரு கடற்றொழிலாளிக்குத் தமிழிலே ஐந்து நிமிடத்திற் கூற அவளுக்கு எங்கே பயிற்சி கிடைக்கின்றது? 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியாகும். ஆயினும் மருந்துத் துண்டு ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றது. தென்னிலங்கை ஆஸ்பத்திரியிலே வைத்தியரின் சிங்களம் விளங்காமல் விழிக்கும் மலையகத் தாய்க்கு, பக்கத்துக் கட்டிலில் இருப்பவளே மொழிபெயர்ப்பாளர்.

ஆராய்ச்சிக்காக இரத்தமும் சிறுநீரும் கொடுப்போரின் நிலை இன்னும் நுட்பமானது. 1964இல் ஹெல்சிங்கியில் உலக மருத்துவச் சங்கம் வகுத்த பிரகடனத்தின்படி, ஆய்வுக்குட்படுபவர் விடயத்தை அறிந்தே சம்மதம் தர வேண்டும். சம்மதப் பத்திரத்தைத் தமிழிலே அச்சிடுவதால் மட்டும் அது நிறைவேறிவிடாது. அதிலுள்ள தமிழ் பெரும்பாலும் ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூடு. படித்த எனக்கே இருமுறை வாசிக்க வேண்டியிருக்கின்றது. அதன் கீழே பெருவிரல் அடையாளம் வைப்பவர் எதற்குச் சம்மதித்தார்? அப்பத்திரத்தை எழுத வைத்தியரோடு தமிழாசிரியரும் மருத்துவமாதுவும் ஒரு மேசையில் அமர்ந்தாலென்ன? மானிப்பாயிலே ஒரு சொல்லுக்காக ஆசிரியரும் மாணவரும் அவ்வாறு அமர்ந்ததுண்டு. அப்போது அங்கே மின்விளக்குக்கூட இருக்கவில்லை.