கவலை பூட்டும் நேரம்

பங்குனி பிறந்து ஒரு வாரம் ஆனதும், நள்ளிரவு பன்னிரண்டேகால் மணி வாக்கில், உடுமலைப்பேட்டைக்கு வெளியே ஏதாவது ஒரு தோட்டத்துக் களத்தில் நின்று அண்ணாந்தால் ஒரு பழைய பாட்டைச் சரிபார்த்துவிடலாம். உத்தரம் உச்சியைத் தாண்டி மேற்கே சாயத் தொடங்கியிருக்கும். தென்கிழக்கே மலை மறைக்காத இடமாக இருந்தால், மூலம் அப்போதுதான் தலைகாட்டும். நேர் மேற்கே மிருகசீரிடம் இறங்கிக்கொண்டிருக்கும்.

புறநானூற்றின் 229ஆம் பாட்டில் கூடலூர் கிழார் கண்ட வானம் இதுதான். பங்குனி முற்பாதியில் ஒரு நடு இரவு. எரிந்து விழுந்த ஒரு மீனைப் பார்த்து, தம் அரசனுக்கு ஏதோ நேரப்போகிறது என்று அவர் அஞ்சினார். ஏழாம் நாள் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தான். சகுனத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். வியக்க வேண்டியது, மீன் விழுந்த நேரத்தை அவர் குறித்து வைத்த விதம். எது உச்சியைத் தாண்டியது, எது எழுந்தது, எது அடைந்தது என்று மூன்றையும் சொல்லிவிட்டார். பெயர் சொல்லாமல் குறிப்பாகச் சொன்ன அந்த மூன்றையும் அடையாளம் காட்டியவர் பழைய உரைகாரர். உத்தரத்திலிருந்து முன்னும் பின்னும் எண்ணினால் எட்டாவதாக வருபவை மூலமும் மிருகசீரிடமும். நம் மாதங்கள் விண்மீன்களை வைத்தே கணக்கிடப்படுவதால், நூற்றாண்டுகள் பல போன பிறகும் அந்தக் காட்சி பங்குனியை விட்டு நகரவில்லை.

இரும்பொறைகள் கொங்கு நாட்டுக்காரர்கள். சேரரின் வஞ்சி கரூரா கொடுங்கல்லூரா என்ற சண்டை இன்னும் ஓயாவிட்டாலும், கரூரை அடுத்த புகழூர்ப் பாறைக் கல்வெட்டில் இரும்பொறைகளின் பெயர் இருக்கிறது. கரூரைத் தொட்டு ஓடும் ஆன்பொருநைதான் இன்றைய அமராவதி. உடுமலைக்குத் தெற்கே மலையை விட்டு இறங்குவதும் அதே ஆறு.

புலவருக்கு வானம் சகுனம். தோட்டக்காரருக்கு அது கடிகாரம்.

மின்சார மோட்டார் வருவதற்கு முன்பு இந்தப் பக்கத்துக் கிணறுகளில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலைதான். மாடுகள் சரிவில் இறங்கினால் தோல் சால் மேலே வரும். பின்னோக்கி ஏறினால் சால் கிணற்றுக்குள் போகும். வெயில் ஏறிவிட்டால் மாடு நுரை தள்ளும் என்பதால், விடிவதற்குள் பாதி வேலையாவது முடிந்தாக வேண்டும். இருட்டில் எழுந்து கவலை பூட்ட நேரம் எப்படித் தெரியும்? விடிவெள்ளியைப் பார்த்து என்பது எல்லோரும் சொல்லும் பதில். ஆனால் வெள்ளி ஏறக்குறைய எட்டரை மாதம்தான் காலையில் தெரியும். பிறகு சூரியனுக்குப் பின்னால் மறைந்து, மாலை வானத்துக்குப் போய்விடும். ஒரு சுற்று முடிய 584 நாள். அதை மட்டும் நம்பியவர் பாதி நாள் ஏமாந்திருப்பார்.

அதனால்தான் அறுமீன், அதாவது கார்த்திகை நட்சத்திரம். கார்த்திகை மாதத்தில் பொழுது சாயும்போது எழும், நள்ளிரவில் உச்சி, விடியலில் மேற்கே அடையும். ஆடிப்பட்டத்துக்கு விதைக்கும் நாட்களில் நள்ளிரவு தாண்டிக் கிழக்கே வரும். நாளொன்றுக்கு நான்கு நிமிடம் முந்தும், அதாவது ஆறு நாளுக்கு ஒரு நாழிகை. இருபத்தேழு நட்சத்திரங்கள், அறுபது நாழிகை. வகுத்தால் ஒன்றுக்கு இரண்டேகால் நாழிகைக்குச் சற்றே குறைவு. பொழுது சாய்ந்ததும் உச்சியில் நின்றது எது என்று தெரிந்தால், பிறகு எத்தனை கடந்தன என்று விரல்விட்டு எண்ணினால் போதும்.

சித்திரைக் கடைசியில் அறுமீன் காணாமல் போகும். சூரியன் அதன் பக்கத்தில் போய் நிற்பதுதான் காரணம். அந்த நாட்களைத்தான் அக்னி நட்சத்திரம் என்று குடையைத் தேடுகிறோம். பெயருக்குரிய நட்சத்திரத்தை அப்போது யாரும் பார்க்க முடியாது என்பது வேடிக்கை. கூடலூர் கிழாரும் கார்த்திகையை ‘அழல்’ என்றே சொல்கிறார்.

வடக்கை நம்ப இங்கே வழியில்லை. உடுமலை ஏறத்தாழ பத்தரை பாகை அட்சரேகையில் இருப்பதால், துருவ மீன் அடிவானத்துக்கு மேல் அதே பத்தரை பாகை உயரத்தில்தான் நிற்கும். ஒரு தென்னந்தோப்பு போதும் மறைக்க. தெற்கே அந்தக் குறை இல்லை. மாசியின் முன்னிரவில் அகத்தியர் மீன் ஆனைமலைக்கு மேலே தெளிவாக எரியும். லண்டன்காரருக்கு அது ஒருநாளும் கிடைக்காது.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. கோவை வட்டாரத்தில் அந்த மின்சாரம் நூற்பாலைகளையும் கிணற்று மோட்டார்களையும் பெருக்கியது. கவலை மெல்ல ஓய்ந்தது. நேரம் சொல்லும் பொறுப்பு ஆலைச் சங்குக்குப் போனது. இன்று உடுமலை முதல் திருப்பூர் வரை இரவில் விழித்திருப்பவர்கள் அன்றைவிட எத்தனையோ மடங்கு அதிகம். மூன்றாம் ஷிப்ட் முடிந்து வேனில் ஏறுகிறவர் தலைக்கு மேலேயும் அறுமீன் இருக்கத்தான் செய்கிறது. நிமிர்ந்து பார்க்க அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

இரவில் வயலுக்குப் போவது மட்டும் முழுதாக நிற்கவில்லை. மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்த காலத்தில் விவசாயிகள் காத்திருந்தது ஸ்டார்ட்டர் பெட்டியின் சிறு விளக்குக்காக. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசன (பிஏபி) வாய்க்காலில் தங்கள் முறை நடுச்சாமத்தில் வந்தால், மம்பட்டியும் டார்ச்சுமாக வரப்பில் உட்கார்ந்து ஒரு பாத்தி நிரம்பும்வரை பார்த்திருக்க வேண்டும். நேரத்துக்குக் கைபேசி உண்டு. ஆனாலும் டார்ச்சை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் கண் மேலேதான் போகும்.

அந்தப் பங்குனி இரவில் மேற்கே பார்த்தால் ஒரு சிறு குழப்பம் காத்திருக்கும். மிருகசீரிடத்தை ஒட்டித் திருவாதிரை செக்கச் சிவந்து இறங்கும். அதன் கீழே, குடிமங்கலம் பக்கத்துக் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரியும். எது மீன், எது விளக்கு என்று முதலில் பிடிபடாது. எல்லாம் ஒரே தாளத்தில் அணைந்து எரியும்போது, ஒன்று மட்டும் அணையாமல் இருக்கும்.