பூச்சு வேண்டாத சைக்கிள்

புனேயில் எங்கள் குடியிருப்பில் இருக்கும் நண்பர், அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது பழைய டைட்டானியம் சைக்கிள் ஒன்றைக் கூடவே கொண்டுவந்தார். பதினைந்து வருடம் பூட்டுச் சங்கிலி உரசி, ஃப்ரேம் முழுக்கக் கீறல். போன மாதம் வந்து, "சார், பட்டறையில கேட்டேன். பஃபிங் சக்கரத்துல பிடிச்சு, மேலே கறுப்பு பெயிண்ட் அடிச்சுத் தர்றேங்கறாங்க. குடுத்துடவா?" என்றார். ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். நான் காமர்ஸ்காரன், வேதியியலைப் பத்தாம் வகுப்போடு விட்டவன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1791ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரிகோர் என்ற பாதிரியார் ஓடைக் கரையின் கறுப்பு மணலில் ஒரு புது உலோகம் இருப்பதைக் கண்டார். 1795ல் ஜெர்மானியர் கிளாப்ராத் அதற்கு டைட்டானியம் என்று பெயர் வைத்தார். அந்தக் கறுப்பு மணல் நமக்கும் அந்நியமில்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடப்பதும் அதே இல்மனைட்தான்.

மணல் கிடைத்தாலும் உலோகத்தைப் பிரிப்பது லேசாக இல்லை. சூடானால் ஆக்சிஜனை விடாமல் பிடித்துக்கொள்ளும், பிறகு எளிதில் உடையும். 1930களில் லக்ஸம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் க்ரோல்தான் வழி கண்டார். மணலை முதலில் குளோரைடாக மாற்றி, காற்று புகாத கலத்தில் மெக்னீசியத்தோடு சூடாக்கினால் கடற்பஞ்சு போன்ற உலோகம் கிடைக்கும். 1948ல் அமெரிக்காவின் டுபான்ட் அதை வணிக ரீதியில் தயாரிக்க ஆரம்பித்தது. கேரளத்தின் சவராவில் 2011ல் திறக்கப்பட்ட நம் நாட்டின் முதல் டைட்டானியம் ஸ்பாஞ்ச் ஆலையும் க்ரோல் முறையில் அமைந்ததுதான்.

அப்போது இதை வாங்கியவர்கள் விமானப் படைக்காரர்கள். இரும்பின் எடையில் பாதியைவிடச் சற்றே அதிகம், துருவும் பிடிக்காது. ஒலியைப் போல மூன்று மடங்கு வேகத்தில் பறந்த அமெரிக்க உளவு விமானம் எஸ்ஆர்-71ன் உடம்பில் பெரும்பகுதி டைட்டானியம். வேடிக்கை என்னவென்றால், அதற்கான உலோகத்தில் ஒரு பங்கு சோவியத் யூனியனிலிருந்தே இடைத்தரகர்கள் வழியாக வாங்கப்பட்டது. யாரை வேவு பார்க்கவோ, அவர்களிடமே கொள்முதல் :-)

சைக்கிளுக்கு இது வந்தது 1970களில். இங்கிலாந்தில் ஸ்பீட்வெல், அமெரிக்காவில் டெலிடைன் டைட்டன் என்று ஃப்ரேம்கள் வந்தன. டெலிடைன் கலப்பில்லாத டைட்டானியத்தில் செய்தது. டைட்டானியத்தின் விறைப்பு இரும்பில் ஏறக்குறையப் பாதிதான். அதனால் மிதிக்கும்போது ஃப்ரேம் நெளிந்தது, சில உடைந்தும் போயின. விமானத்தின் ஹைட்ராலிக் குழாய்களுக்கென உருவான, 3 சதவீதம் அலுமினியமும் 2.5 சதவீதம் வனேடியமும் சேர்ந்த கலவை சைக்கிளுக்கு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1980களின் பிற்பாதியில் மெர்லின், லைட்ஸ்பீட் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் அகலமான குழாய்களை ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில் பற்றவைத்தன. நண்பரின் ஃப்ரேம் அந்த வம்சம்.

ஏன் பெயிண்ட் இல்லை? காற்றுப் பட்டதுமே டைட்டானியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உண்டாகிவிடும். கீறினால் அந்த இடத்திலேயே மறுபடி வரும். எங்கள் பாஷையில் சொன்னால், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வைப்புத்தொகை. இரும்பு ஃப்ரேமில் பெயிண்ட் போனால் துரு. இதில் போவதற்கே ஒன்றுமில்லை. அதனால் நாரால் ஒரே திசையில் தேய்த்து, மெல்லிய கோடுகளோடு அப்படியே விற்றார்கள். அதுதான் பிரஷ்டு ஃபினிஷ். தேய்த்து வந்த அழகை மறுபடி தேய்த்தே மீட்கலாம்.

பஃபிங் வேண்டாம் என்றேன். குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டர் அளவுதான், சக்கரம் எவ்வளவு தின்னும் என்று யார் பார்ப்பது? மேலும் டைட்டானியத் தூள் எளிதில் தீப்பிடிக்கும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் கூடாது. அதன் இரும்புத் துணுக்குகள் உலோகத்தில் ஒட்டிக்கொண்டு பிறகு துருப்புள்ளியாகத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் உட்கார்ந்தோம். ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் சூடாக்கி உரித்தோம். சோப்புத் தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்தோம். ஹார்டுவேர் கடையில் கிடைத்த மெரூன் நிற ஸ்காட்ச் பிரைட் நாரை எடுத்து, பழைய கோடுகள் போகும் திசையைப் பார்த்து அதே திசையில் மட்டும், ஈரம் காயாமல், கையாலேயே தேய்த்தோம். வட்டமாகத் தேய்த்தால் கோடுகள் கலைந்துவிடும். கீறல் உள்ள இடத்தில் மட்டும் தேய்த்தாலும் திட்டாகத் தெரியும். ஆகவே குழாயின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. கடைசியில் ஸ்பிரிட்டால் துடைத்து, கைரேகை படியாமலிருக்கக் கொஞ்சம் மெழுகு. (மணல் தெளித்து மங்கலாக்கிய ஃப்ரேம் என்றால் இந்த முறை ஒத்துவராது.)

மூன்று மணி நேரம் ஆயிற்று. கீழ்க்குழாயில் ஒரு ஆழமான கீறல் மட்டும் போகவில்லை. விரிசல் இல்லை என்று வெளிச்சத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டு விட்டுவிட்டோம். அதைத் தேய்த்தெடுத்தால் சுவர்தான் மெலியும். "இருக்கட்டும் சார், முதல் வேலைக்குப் போன நாள் ஸ்டேஷன்ல விழுந்தது" என்றார். பெயிண்ட் அடித்திருந்தால் அதுவும் மூடிப்போயிருக்கும்.