மதிலுக்கு வெளியே ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஒயின் என்றதும் விலையுயர்ந்த புட்டிகளும், அவற்றின் மணத்தை நுணுகி ஆராயும் கனவான்களுமே நம் நினைவில் எழுகின்றனர். ஆயினும் பாரிஸ் நகரின் சமூக வரலாற்றில், எளிய மக்கள் விடுமுறை நாளில் குடும்பத்தோடு அமர்ந்து அருந்திய புளிப்பேறிய மலிவு ஒயினுக்கும் ஓர் இடமுண்டு. அந்த ஒயினின் விலை, பிரெஞ்சுப் புரட்சியின் முதல் தீயோடு தொடர்புடையது.

பாரிஸுக்குள் நுழையும் சரக்குகள் பலவற்றுக்கு அக்காலத்தில் நுழைவு வரி உண்டு. ஒயினுக்கான வரி தரத்தைப் பாராமல் அளவைக் கொண்டு விதிக்கப்பட்டது. பிரபுவின் உயர்ரக ஒயினுக்கும் கொத்தனாரின் மட்டரக ஒயினுக்கும் பீப்பாய்க்கு ஒரே வரி. எனவே செல்வந்தருக்குப் பொருட்டாகத் தோன்றாத அதே தொகை, ஏழையின் கோப்பையில் பெருஞ்சுமையாக ஏறியது.

மக்கள் இதற்கு எளிய வழியொன்றைக் கண்டனர். வரி எல்லைக்கு வெளியே நடந்து சென்றால் அதே ஒயின் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அங்கே தோன்றிய தோட்டத்து மதுச்சாலைகளே 'கேங்கெத்' எனப்பட்டவை. நகருக்குள்ளிருந்த மதுக்கடைகள் பெரும்பாலும் ஆண்களின் உலகம். கேங்கெத்துகளுக்கோ ஞாயிறுதோறும் மனைவி மக்களோடு குடும்பங்கள் சென்றன. மர நிழல், நீண்ட பலகைகள், எளிய உணவு, பிடில் இசை, நடனம் ஆகியவற்றோடு மலிவு ஒயினும் பரிமாறப்பட்டது. கூர்த்தீ பகுதியில் கடை நடத்திய ராம்போனோ என்பவர், பிறரைவிட ஒரு சூ நாணயம் குறைத்து விற்றே 1760 வாக்கில் பாரிஸ் முழுதும் பெயர் பெற்றார். அவரைக் காண உயர்குடியினரும் வண்டி கட்டிக்கொண்டு வந்தனர்.

வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்திருந்த செல்வந்தர் குழுவுக்கு இது உறுத்தலாயிற்று. 1784 முதல் நகரைச் சுற்றிச் சுமார் 24 கிலோமீட்டர் நீளத்திற்கு மதில் எழுப்பப்பட்டது. பகைவரைத் தடுக்க எழுந்த மதிலன்று அது; வரி ஏய்ப்பைத் தடுக்க எழுந்தது. அதன் சுங்க வாயில்களைக் கட்டடக் கலைஞர் லெதூ கோயில்களைப் போன்ற ஆடம்பரத்தோடு வடிவமைத்தார். முன்பு எல்லைக்கு வெளியே இருந்த மதுச்சாலைகள் பல இப்போது உள்ளே அகப்பட்டுக்கொண்டன.

இம்மதிலை முன்மொழிந்தவர், வேதியியலின் தந்தை என நாம் பாடநூல்களில் படித்த லவாய்சியர். அவரும் வரிக் குத்தகைதாரர்களுள் ஒருவர். திராட்சைச் சாற்றின் சர்க்கரை நொதித்து ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறுவதை எடை போட்டு அளந்து 1789-இல் வெளியான நூலில் விளக்கியவரும் அவரே. ஒயின் உருவாகும் விதத்தை உலகுக்குத் தெளிவுறுத்திய அதே மனிதர்தாம், ஏழைகளின் ஒயினுக்குக் குறுக்கே சுவர் எழக் காரணமானார்.

1789 ஜூலை 12 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றும் மறுநாளும் மக்கள் திரண்டு சுங்க வாயில்களில் பலவற்றுக்குத் தீ வைத்தனர். பாஸ்டில் சிறை வீழ்ந்தது அதன் பின்னர், 14-ஆம் தேதி. ரொட்டித் தட்டுப்பாடு, அமைச்சர் நெக்கர் பதவி நீக்கம் எனக் கோபத்திற்குக் காரணங்கள் பல இருந்தன என்பது உண்மையே. எனினும் அக்கோபம் முதலில் சென்று மோதிய இடம் சுங்க வாயில் என்பதைக் கவனிக்க வேண்டும். 1791 மே 1 அன்று நுழைவு வரி ஒழிந்தபோது, வெளியே காத்திருந்த பீப்பாய் வண்டிகள் நள்ளிரவில் ஆரவாரத்தோடு நகருக்குள் நுழைந்தன. லவாய்சியர் 1794 மே 8 அன்று சக குத்தகைதாரர்களோடு கில்லட்டினுக்கு இரையானார். அறிவியலுக்கு அது ஈடு செய்யவியலா இழப்பு.

அந்த மகிழ்ச்சியும் நீடிக்கவில்லை. நிதி நெருக்கடியால் 1798-இல் வரி திரும்ப வந்தது. 1860-இல் நகர எல்லை விரிந்து பழைய மதில் இடிக்கப்பட்டபோது, மலிவு ஒயினைத் தேடி மக்கள் இன்னும் தொலைவிற்கு, மார்ன் ஆற்றங்கரை வரை சென்றனர்.

லெதூவின் வாயில் கட்டடங்களுள் சில லா வில்லெத், தான்ஃபேர்-ரோஷ்ரோ ஆகிய இடங்களில் இன்றும் நிற்கின்றன. பார்ப்பவர் அவற்றின் அழகை வியந்து செல்லக்கூடும். ஆனால், வாரம் முழுதும் உழைத்த ஒருவன் தன் குடும்பத்தோடு ஒரு கோப்பை ஒயின் அருந்துவதற்குக் குறுக்கே நின்ற தூண்கள் அவை என்பதையும் நாம் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும்.